பாங்காக்கில் ஒரே நாள், அம்மா அப்பாவுடன்: எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம்?

கேள்வி இது: பாங்காக்கில் ஒரு முழு நாள் கையில் இருக்கிறது. அறுபதைத் தாண்டிய அம்மா அப்பாவும் கூட வருகிறார்கள். மூச்சு வாங்காமல் ஊரைப் பார்க்க என்ன வழி?

ஆற்றை விட்டு விலகாமல் இருப்பதுதான் வழி. சாவோ பிரயா ஆறு, அதன் கிழக்குக் கரையில் இருக்கும் பழைய நகரம், அதற்கு அடியில் ஓடும் ஒரு மெட்ரோ பாதை. இந்த மூன்றும் ஒரு நாளுக்குத் தாராளமாகப் போதும். பயண ஏஜென்சிகள் தரும் "ஒரு நாள் டூர்" அட்டவணையில் அரண்மனை, மிதக்கும் சந்தை, இரண்டு மால், மாலையில் படகு விருந்து என்று எல்லாமே இருக்கும். அதில் பேர்போன டாம்னோன் சாதுவாக் மிதக்கும் சந்தை பாங்காக்கிலேயே இல்லை. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி ராட்சபுரி மாகாணத்தில் இருக்கிறது. போக வர அரை நாள் வேனில் கழிந்துவிடும். அம்மா அப்பா நினைவில் நிற்கப் போவது வேனின் ஏசி மட்டும்தான்.

ஆற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இந்த ஊரின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1767இல் பர்மியப் படை அயுத்யாவை அழித்தது. அதன்பின் மன்னர் தக்சின் ஆற்றின் மேற்குக் கரையில் தோன்புரியைத் தலைநகராக்கினார். 1782இல் முதலாம் ராமா அரியணை ஏறியதும் தலைநகரைக் கிழக்குக் கரைக்கு மாற்றினார். மூன்று பக்கம் ஆற்றின் வளைவும் நான்காவது பக்கம் வெட்டிய கால்வாயும் சூழ்ந்த அந்த இடத்துக்கு ரத்தனகோசின் தீவு என்று பெயர். அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு ஊரின் போக்குவரத்து முழுக்கத் தண்ணீரில்தான். நவீன முறையில் போட்ட முதல் பெரிய சாலையான சாரோன் குருங், 1860களில்தான் வந்தது. கோயில்களும் அரண்மனையும் படகில் வருபவர் பார்ப்பதற்காகவே எழுந்தவை. காரில் போனால் ஊரின் முதுகைப் பார்த்துக்கொண்டு சிக்னலில் நிற்பீர்கள். படகில் போனால் அதன் முகம் தெரியும். நேரத்திலும் படகுதான் பெரும்பாலும் முந்துகிறது.

நாளைச் சீக்கிரம் தொடங்குங்கள். இங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும், ஏப்ரலில் அது உச்சத்தில் இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஓரளவு இதமாக இருந்தாலும், பதினொரு மணிக்கு மேல் திறந்த வெளியில் பெரியவர்களை நடத்தக் கூடாது. அதிகாலையும் அந்தியும் வெளியே, நடுப்பகல் கூரைக்குக் கீழே என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

காலை ஆறரை மணிக்கு சீலோம் சாலை மகா மாரியம்மன் கோயிலில் தொடங்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில் இது. தாய்லாந்து மக்கள் "வாட் காயெக்" என்கிறார்கள். வாட் என்றால் கோயில். ராஜகோபுரம் பான் சாலை முனையில் நிற்கிறது. உள்ளே போனால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும்: வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள், சீன வம்சாவளியினர். கையில் சாமந்தி மாலை, தேங்காய், பழத்தட்டு. நம்மைவிடப் பயபக்தியோடு கண்மூடி நிற்கிறார்கள். நவராத்திரி முடிவில் விஜயதசமி இரவு அம்மன் ஊர்வலம் போகும்போது சீலோம் சாலையையே அடைத்துவிடுவார்கள். வழியெல்லாம் மக்கள் தங்கள் சொந்தப் பீடங்களைப் பூவால் அலங்கரித்து வைத்துக் காத்திருப்பார்கள். அந்தச் சமயத்தில் போனால் மற்ற எதையும் விட்டுவிட்டு இதை மட்டும் பார்த்தாலும் போதும். சன்னதிக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அங்கிருந்து பான் சாலை வழியாகப் பத்து நிமிட நடையில் சுரசாக் ஸ்கை டிரெயின் நிலையம். அடுத்த நிறுத்தமே சபான் தக்சின். படியிறங்கினால் சாத்தோர்ன் படகுத்துறை. காலை எட்டு மணிக்கு நிலையத்தில் இருந்தீர்களானால் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் கேட்கும். அத்தனை பேரும் அப்படியே நிற்பார்கள். நீங்களும் நின்றுவிடுங்கள். மாலை ஆறு மணிக்கும் இதே வழக்கம்தான்.

துறையில் உங்களுக்கு வேண்டியது ஆரஞ்சுக் கொடி கட்டிய எக்ஸ்பிரஸ் படகு. எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட். நீலக்கொடி சுற்றுலாப் படகை முன்வைத்து அதன் டிக்கெட்டை விற்பவர்கள்தான் முதலில் கண்ணில் படுவார்கள். அதிலும் குறை ஒன்றுமில்லை, கொஞ்சம் இட வசதியும் இருக்கும், ஆனால் விலை அதிகம். ஆரஞ்சுப் படகில் பள்ளிப் பிள்ளைகள், அலுவலகம் போகிறவர்கள், காவியுடுத்த பிக்குகள் எல்லோரும் வருவார்கள். பிக்குகளுக்கென்று ஒதுக்கிய இடம் உண்டு, அங்கே உட்கார வேண்டாம். பெண்கள் அவர்கள் மேல் படாமல் கவனமாக இருக்க வேண்டும். படகு துறையில் சில விநாடிகளே நிற்கும், ஊழியர் விசில் அடித்தபடி கயிற்றை மாட்டுவார், ஆட்டமும் இருக்கும். அம்மா அப்பாவை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் ஏறுங்கள்.

சுமார் அரை மணி நேரப் பயணம். வலப்பக்கம் பழைய ஓரியண்டல் ஹோட்டல் வரும். அதன்பின் இடப்பக்கம் சாந்தா குரூஸ் தேவாலயத்தின் குவிமாடம். அயுத்யா வீழ்ந்தபின் தக்சினுடன் வந்த போர்த்துக்கீசிய வம்சாவளிக் கத்தோலிக்கர்களுக்கு அவர் அளித்த நிலம் அது. அங்கேயே ஆற்றின் குறுக்கே நிற்கும் நினைவுப் பாலம், பாங்காக்கின் 150ஆவது ஆண்டு நிறைவுக்காக 1932 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் முடியாட்சியின் முழு அதிகாரம் முடிவுக்கு வந்தது. பாலத்தைத் தாண்டியதும் வலக்கரையில் பாக் குளோங் தலாட் பூச்சந்தை. மல்லிகை, தாமரை, சாமந்தி, ஆர்க்கிட் எல்லாம் மலைமலையாகக் குவியும். சந்தையின் உச்ச நேரம் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே. காலையில் அது ஓய்ந்துகொண்டிருக்கும் என்பதால் படகிலிருந்து பார்த்தாலே போதும்.

தா தியென் துறையில் இறங்குங்கள். படகு எதிர்க்கரையில் வாட் அருண் துறையில்தான் நிற்கிறது என்றாலும் கவலை இல்லை, 5 பாட் கொடுத்தால் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓயாமல் ஓடும் படகு உண்டு.

அரண்மனைக்குப் போக வேண்டாமா என்று கேட்பீர்கள். இது விவாதத்துக்குரிய விஷயம்தான், ஆனாலும் என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். வயதானவர்களுடன் நிதானமாகப் பார்க்க வந்த நாளில் அரண்மனையை விட்டுவிடுங்கள். நுழைவுக் கட்டணம் 500 பாட் என்பதற்காகச் சொல்லவில்லை. நிழல் குறைவு, கூட்டம் அதிகம், உட்கார இடமில்லை. சுமார் 66 சென்டிமீட்டர் உயரமுள்ள மரகத புத்தர் உயர்ந்த பீடத்தின் உச்சியில் இருக்கிறார். பருவத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு மூன்று முறை மன்னரே அவருக்கு ஆடை மாற்றுவார். அவரைப் பார்க்க முண்டியடிக்க வேண்டியிருக்கும். அங்கே உண்மையிலேயே மணிக்கணக்கில் நிற்கத் தகுந்தவை, சுற்றுப் பிராகாரத்தில் தாய்லாந்தின் ராமாயணமான ராமகியென் கதையை வரிசையாகச் சொல்லும் 178 சுவரோவியங்கள். தனியாகவோ இளையவர்களுடனோ வரும்போது, காலை எட்டரைக்குக் கதவு திறந்ததும் நேராக அந்தப் பிராகாரத்துக்குப் போய்விடுங்கள்.

இந்த முறை வாட் போ. நுழைவு 300 பாட். எட்டு மணிக்கே திறந்துவிடுவார்கள். முதலில் சயன புத்தர் மண்டபம்: 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம், முழுக்கப் பொன்னொளி. மண்டபம் சிலையை ஒட்டியே எழுந்திருப்பதால் எங்கே நின்றாலும் முழு உருவம் ஒரே பார்வைக்குள் அடங்காது. தூண்களுக்கு இடையே ஒரு தோள், ஒரு முழங்கை, பிறகு முகம் என்று துண்டு துண்டாகத்தான் தரிசனம். பாதங்களின் அடியில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள் இருக்கின்றன, அவற்றைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். பின்பக்கச் சுவரோரம் 108 வெண்கலக் கிண்ணங்கள். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடப்பார்கள். அந்த ஓசை மண்டபம் முழுக்கக் கேட்டபடியே இருக்கும்.

கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அத்தோடு வெளியேறிவிடுவார்கள். நீங்கள் உள்ளே நடங்கள், வாட் போவின் பொக்கிஷம் அங்கேதான். நடுவில் இருக்கும் உபோசாட் என்ற பெரிய மண்டபத்தின் வெளிச்சுற்றில், இடுப்புயரத்தில் 152 பளிங்குப் புடைப்புச் சிற்பங்கள். அத்தனையும் ராமகியென் காட்சிகள். அரண்மனையில் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்க்க வேண்டிய கதையை இங்கே அம்மா அப்பா குனிந்து, விரல் நீட்டி, ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுபிடிக்கலாம். கதை நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் அதன் போக்கு வேறு. தோசகன் என்ற பெயரில் வரும் ராவணனுக்குப் பச்சை நிறம். அனுமன் இங்கே பிரம்மச்சாரி இல்லை. சேதுவைக் கட்டவிடாமல் தடுக்க ராவணன் அனுப்பும் கடல்கன்னி சுவன்னமச்சா அவன் மகளேதான். அவளை அனுமன் காதலில் வென்றுவிடுகிறான். கம்பனில் ஊறிய அப்பாவுக்கு முதலில் அதிர்ச்சியாக இருக்கும். தாய்லாந்துக்காரர்கள் இந்தக் கதையைத் தங்கள் வீட்டுக் கதையாகவே வாழ்ந்திருக்கிறார்கள் என்று எடுத்துச் சொல்லுங்கள். இங்கே ஆளும் சக்ரி வம்சத்து மன்னர்கள் அனைவரும் ராமா என்ற பட்டத்தோடுதான் எண்ணப்படுகிறார்கள். பழைய தலைநகரின் பெயரிலும் அயோத்தி இருக்கிறது.

அதே வளாகத்தில் உடலை முறுக்கி உட்கார்ந்திருக்கும் ரிஷிச் சிலைகளைத் தேடிப் பாருங்கள். ஆசனங்களைக் கற்பிக்கும் சிலைகள் அவை. 1830களில் மூன்றாம் ராமா மருத்துவம், இலக்கியம், மசாஜ் முறைகள் எல்லாவற்றையும் கல்லில் வெட்டி இந்தக் கோயில் சுவர்களில் பதிக்கச் செய்தார். யார் வேண்டுமானாலும் வந்து படித்துக்கொள்ளலாம் என்பதே நோக்கம். அந்தக் கல்வெட்டுகள் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இருக்கின்றன. 1955இல் இங்கேயே மசாஜ் பள்ளியும் தொடங்கியது. புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகரைத் தங்கள் மருத்துவத்தின் தந்தையாக இன்றும் வணங்குகிறார்கள்.

பத்தரை, பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் வளாகத்துக்குள் இருக்கும் மசாஜ் மண்டபத்துக்கே அம்மா அப்பாவை அழைத்துப் போங்கள். ஆடை களைய வேண்டாம், எண்ணெய் இல்லை. தளர்வான உடை தருவார்கள், மண்டபத்தில் எல்லோரும் பார்க்கும்படிதான் நடக்கும், கூச்சப்பட ஒன்றுமில்லை. முழங்கால் வலி, ரத்த அழுத்தம், அறுவை சிகிச்சை ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அழுத்தம் கூடுதலாகப் பட்டால் பொறுத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம், மெதுவாகச் செய்யச் சொல்லலாம். பாத மசாஜ் மட்டும் வாங்கினாலும் நடந்த களைப்பு போய்விடும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, சைவம் என்று சொன்னால் மட்டும் போதாது. கண்ணுக்குக் காய்கறி மட்டுமே தெரிந்தாலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். சிவப்பு எழுத்தில் மஞ்சள் கொடி தொங்கும் "ஜே" கடைகளைப் பாருங்கள். சீன பௌத்த முறைப்படி இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்க்காத சமையல் அது. "கின் ஜே" என்றால் புரிந்துகொள்வார்கள். மற்ற கடைகளில் "மை சாய் நாம் ப்லா" என்று சொன்னால் மீன் சாறு வேண்டாம் என்று அர்த்தம். தயிர் சாதம் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது என்றிருப்பவர்களுக்கு சீலோம் பக்கம் தென்னிந்திய உணவகங்கள் உண்டு. ஆனால் மாம்பழமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த ஒட்டரிசிப் பலகாரத்தை எப்படியாவது ஒரு தடவை சாப்பிட வைத்துவிடுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை மாம்பழம் அமிர்தமாக இருக்கும்.

இரண்டு மணி வாக்கில் சனம் சாய் மெட்ரோ நிலையத்துக்கு நடங்கள். 2019இல் திறந்த இந்த நிலையத்தின் உள்ளே தூண்களும் கூரையும் அரண்மனை மண்டபம் மாதிரியே அமைந்திருக்கின்றன, குளிர்ச்சியும் கிடைக்கும். அடுத்த நிறுத்தம் சாம் யோட். அங்கிருந்து பத்து நிமிட நடையில் பாங்காக்கின் மாபெரும் ஊஞ்சல், சாவோ சிங் சா. செந்நிறத்தில் 21 மீட்டர் உயரத் தேக்குத் தூண்கள் நடுச்சாலையில் நிற்கும், ஊஞ்சல் பலகை மட்டும் இருக்காது. பெரும்பாலான பயணிகள் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தமிழர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

1784இல் முதலாம் ராமா இங்கே ஒரு பிராமணர் கோயிலையும் அதன் எதிரே இந்த ஊஞ்சலையும் அமைத்தார். கோயிலுக்குத் தேவஸ்தான் என்று பெயர். சிவன், விநாயகர், திருமால் மூவருக்கும் தனித்தனி மண்டபம். நம் மார்கழியை ஒட்டி ஆண்டுதோறும் நடக்கும் திரியம்பாவை - திரிபாவை விழாவில் சிவனை மண்ணுக்கு வரவேற்று, பிறகு திருமாலை வரவேற்பார்கள். திருவெம்பாவையும் திருப்பாவையும் கடல் கடந்து வந்து அரச சடங்காக நிலைத்த கதை இது. உச்சரிப்பு எவ்வளவோ மாறிவிட்டாலும் இங்குள்ள அரசவைப் பிராமணர்கள் ஓதுவதில் மாணிக்கவாசகரின் வரிகள் இருக்கின்றன. விழாவின்போது வீரர்கள் ஊஞ்சலில் உயர எழும்பி, மூங்கில் உச்சியில் தொங்கும் பொற்காசுப் பையைப் பல்லால் கவ்வ வேண்டும். 1935இல் ஊஞ்சலாட்டத்தை நிறுத்திவிட்டார்கள், வழிபாடு மட்டும் தொடர்கிறது. 2019 மே மாதம் பத்தாம் ராமா முடிசூடியபோதும் இந்தப் பிராமணர்களே சடங்குகளை நடத்தினார்கள். தேவஸ்தான் வெளிப்பார்வைக்கு மிக எளிமையானது. மண்டபங்கள் எல்லா நாளும் திறந்திருக்காது. மூடியிருந்தாலும் வாசலில் சற்று நேரம் நின்றுவிட்டு வாருங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, தமிழ் பேசாத ஒரு ஊரில், நம் பாட்டை நூற்றாண்டுகளாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைந்துவிடும்.

ஊஞ்சலுக்கு எதிரே வாட் சுதாட். உள்ளே உயர்ந்த கூரையின் கீழ் வீற்றிருக்கும் வெண்கல புத்தர் சுகோதாயில் வார்க்கப்பட்டவர். முதலாம் ராமா அவரைத் தெப்பத்தில் ஏற்றி ஆற்று வழியாகவே கொண்டுவரச் செய்தார். கூட்டம் குறைவு, தரை குளிர்ச்சி, சுவரெல்லாம் ஓவியம். பிற்பகலில் அரை மணி நேரம் உட்கார இதைவிட நல்ல இடம் பழைய நகரத்தில் இல்லை. கால்களைப் புத்தரை நோக்கி நீட்டாமல் பின்பக்கமாக மடித்து உட்காருங்கள். கொஞ்ச தூரத்தில் வாட் சாகெட்டின் பொன்மலை இருக்கிறது. முந்நூற்றுச் சொச்சம் படிகள், ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும். அம்மா அப்பாவின் முழங்கால் சம்மதித்தால் மட்டும் போங்கள்.

நான்கரைக்குள் அதே மெட்ரோவில் சனம் சாய் திரும்பி, தா தியெனில் படகேறி வாட் அருணுக்கு அக்கரை போங்கள். நுழைவு 200 பாட். நடுக் கோபுரம் முழுக்கச் சீனப் பீங்கான் துண்டுகளைப் பதித்த பூவேலை, அருகில் போனால்தான் உடைந்த தட்டுகளும் கிண்ணங்களும் இதழ்களாக மாறியிருப்பது தெரியும். மேலே மூன்று தலை ஐராவதத்தின் மீது இந்திரன். பக்கத்து மண்டப வாசலில் பச்சை ராவணனும், ராமகியெனில் வரும் இன்னொரு அரக்கனான வெள்ளை நிற சஹசதேஜனும் காவல் நிற்கிறார்கள். கோபுரப் படிகள் செங்குத்தானவை, பெரியவர்கள் கீழேயே சுற்றி வந்தால் போதும். சூரியன் சாயும் முன் தா தியென் கரைக்கே திரும்பிவிடுங்கள். சூரியன் வாட் அருணுக்குப் பின்னால்தான் விழும். டிசம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன், ஜூன், ஜூலையில் ஆறே முக்கால் வாக்கில். அக்கரையைப் பார்த்த மாடி உணவகங்களில் இடம் பிடிக்க முன்பதிவு வேண்டியிருக்கும், ஆற்றோரத்தில் நிற்கக் காசு வேண்டாம்.

பிறகும் தெம்பிருந்தால் சனம் சாயிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி வாட் மங்கோன். வெளியே வந்தால் யாவராட், சீனர் தெரு. வறுத்த செஸ்ட்நட், மாதுளைச் சாறு, இனிப்புகள் என்று சைவர்களுக்கும் நிறைய உண்டு. நடக்க முடியவில்லை என்றால் இதை விட்டுவிடுங்கள், இழப்பு பெரிதல்ல. அறைக்குத் திரும்ப அதே மெட்ரோ, அதாவது நீலப்பாதை, சீலோம் வரை போகும், நள்ளிரவு வரை ஓடும். ஆரஞ்சுப் படகு அந்தியோடு நின்றுவிடும், அதை நம்பி இருட்டில் துறையில் நிற்காதீர்கள்.

எச்சரிக்கைகள் இரண்டுதான். கோயில்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், புடவையோ வேட்டியோ மிகப் பொருத்தம். இரண்டாவது, கோயில் வாசலுக்குச் சற்று முன்னால் நல்ல உடையில் ஒருவர் வந்து "இன்று மூடிவிட்டார்கள், மதியம்தான் திறப்பார்கள், அதுவரை என் நண்பர் டுக்-டுக்கில் இருபது பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டுவார்" என்பார். அந்தச் சுற்று ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோதான் முடியும். புன்னகைத்துவிட்டு டிக்கெட் கவுன்ட்டர் வரை நீங்களே நடந்து பாருங்கள்.

மே முதல் அக்டோபர் வரை பிற்பகலில் பெருமழை அடிக்கும். அந்த மாதங்களில் வாட் அருணைக் காலையிலேயே, வாட் போவுக்கு முன் முடித்துவிட்டு, மாலையை வாட் சுதாட்டில் விட்டுவிடுங்கள். உங்களுக்குக் கிடைத்த நாள் திங்கட்கிழமை என்றால் யாவராட்டில் தெருக்கடைகள் பாதிதான் இருக்கும், இரவுச் சாப்பாட்டை சீலோமிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.